ஈரப்பதம்

ஐப்பசி அடைமழையில்
கொள்முதல் நிலையத்துத் தார்ப்பாய் கிழிந்துபோக
குறுவை மூட்டைகளைச் சமுதாயக் கூடத்தில் அடுக்கினோம்.
அதனால் அந்த மாதம் நாற்காலி கிடையாது.
படம் பார்க்க வந்தவர்கள் நெல்லின் மேல் உட்கார்ந்தார்கள்.
ஈரப்பதம் இருபத்தொன்று.
பதினேழுக்கு இறங்காமல் விலை போகாத நெல்.

படத்துக்குப் பேரில்லை.
பேர் இருந்த சுருள்
எங்கோ ஒரு கிடங்கில் பொடியாகிவிட்டதாம்.
மருந்துக்கடை இளவழகன் எப்படியோ பிடித்துவந்தான்.
இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இரவல் வாங்கிய புரொஜெக்டரில்
ஒரு ராணி, ஒரு காடு, ஓயாத கீறல் மழை.
இங்கிலீஷ் அட்டைகளைத் தமிழில் உரக்கப் படிப்பது
பட்டியல் எழுதும் என் வேலை.
பேசாத படத்துக்கு
நீடாமங்கலத்திலேயே அதிகம் பேசுகிறவனைப் பிடித்திருந்தார்கள்.

‘நாதா! நீரின்றி நிலவும் நெருப்பாயிற்று’
தொண்டை கம்மப் படித்தேன்.
மூன்றாம் அடுக்கில் அமலோற்பவம் சிரித்தாள்.

சாக்குத் தைக்கிறவள். பிறவியிலேயே காது கேளாது.
லோடுமேன்கள் எட்ட நின்று பேசும் அசிங்கத்தை
உதட்டிலேயே பிடித்து
கோணி ஊசியைத் தூக்கிக் காட்டுகிறவள்.
என்ன சிரிப்பு என்று கையால் கேட்டேன்.
விலைப் பலகையை இழுத்துவந்து
சன்ன ரகம், பொது ரகத்துக்குக் கீழே
சாக்பீஸால் எழுதினாள்:
‘கால் சுடுதுங்கறா. சீக்கிரம் எடுக்கச் சொல்றா.’

திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.
நிலவே இல்லை, உச்சிவெயில்.
மணலில் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள் ராணி.
விரகம் என்று நான் படித்தது அதைத்தான்.

அப்புறம் என்னை யார் கேட்டார்கள்?
ராஜா: ‘மீசை கழலுது.’
முனிவர்: ‘காபி வந்துச்சா?’
சேனாதிபதி சொன்னதை அவள் எழுதவில்லை,
முன்னால் பிள்ளைகள் இருந்தார்கள்.
சிரித்த சிரிப்பில் மூட்டையொன்று தையல் விட்டு
சரசரவென்று நெல் இறங்கியது.
ரயில்வே கேட் மூடி
மன்னார்குடி வண்டி போய், கேட் திறந்தும் அடங்கவில்லை.

கடைசியில் ராணி சாகிறாள்.
அட்டையில், ‘மண்ணே, என்னை ஏற்றுக்கொள்.’
கண் மூடுமுன் தலையைச் சற்றே திருப்பி
திரைக்கு வெளியே யாரிடமோ
உதட்டை அசைத்தாள்.

‘பால் குடுத்தாச்சா?’

சாக்பீஸ் பலகையில் நின்றது.
வெளியே நின்றவர் ஏதோ பதில் சொல்லியிருப்பார்.
அது படத்தில் இல்லை.
கேட்டவள் நிஜமாகவே செத்து எவ்வளவோ காலம்.
மேல் அடுக்கிலிருந்து வேம்பையன்,
மூட்டைக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டு
காலையில் என் சட்டையைப் பிடித்தவன்,
‘குடுத்தாச்சு தாயி’ என்றான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
தகரக் கூரையில் மழை மட்டும்.

அமலோற்பவத்துக்குத் திருப்தியில்லை.
திரும்பப் போடு என்று கையைச் சுழற்றினாள், நாலு தடவை.
பிறகு ‘பால்’ என்பதை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுதினாள்:
‘பாலா மாலையா தெரியல.
பாவும் மாவும் உதட்டுல ஒண்ணுதான்.
நடுவுல கீறல் வேற.’

பிள்ளை என்று அவள் எழுதவே இல்லையே.
அது நாங்களாகப் பெற்றுக்கொண்டது.
மாலைதான் என்றான் இளவழகன்,
அடுத்த காட்சியில் பிணத்துக்கு மாலை வருகிறதாம்.
வேம்பையன் லுங்கியை மடித்துக் கட்டி
‘நான் சொன்னது சொன்னதுதான்’ என்று
மூட்டை மூட்டையாக இறங்கிப் போனான்.

விடிந்ததும் ஈரமானியைக் குத்திப் பார்த்தேன்.
அடி மூட்டையில் இருபத்தொன்று.
சனம் உட்கார்ந்திருந்த மேல் வரிசையில் இருபது.
இன்னும் மூன்று படம் ஓட்டலாம்.

பதினொரு மணிக்கு மண்டல அதிகாரி வந்தார்.
பலகையை அழிக்க மறந்திருந்தோம்.
பொது ரகத்துக்குக் கீழே படித்துவிட்டு
‘இதென்னய்யா புது ரகம்?’ என்றார்.
நான் கீழே பார்த்தபடி
எனக்குள் ஒன்று முணுமுணுத்தேன்.
வாசலோரம் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம்
ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.